கிரீமரி ரோட்டில் நான்கு முட்டைகள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, பில்லரூங் வட்டாரக் கவுன்சிலின் படிவம் 14-ஆவைக் கண்டுபிடித்தது. "சாலைப் பாதுகாப்புக் கவலையை மறுபரிசீலனை செய்யக் கோரும் விண்ணப்பம்" என்பது அதன் திருநாமம். பதினோரு பக்கம். நிரப்பி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கவலை போய்விடும், மீதிப் பேர் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். இப்படி ஒரு செங்கல் கூட எடுத்துவைக்காமல் கவுன்சில் தீர்த்துவைத்த சாலைப் பிரச்சினைகள் எத்தனை எத்தனை!

நெரிடா பாஸ்கோ மட்டும் ஒத்துழைக்க மறுத்தாள். அவள் வீடு கிரீமரி ரோட்டின் இந்தப் பக்கம், மகள் வின்னியின் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பால் டேங்கர்கள் போகும். சாலையின் மத்தியில் ஒரு ஜல்லித் திட்டு. என்றோ ஒரு மேயர் பூச்செடி வைக்கிறேன் என்று கொட்டியது. ஜல்லி வந்தது, செடி வரவில்லை.

மே மாதம் ஒரு காலையில் தாயும் மகளும் கடக்கும்போது ஒரு டேங்கர் வந்தது. இருவரும் தாவினார்கள். வின்னியின் சாப்பாட்டு டப்பா தாவவில்லை. நெரிடா அதைச் சாலையிலிருந்து சுரண்டி எடுத்துக்கொண்டு, நேராகப் போய்ப் படிவம் 14-ஆ வாங்கினாள்.

அவளுக்கு அவசரம் இருந்தது. செப்டம்பர் விடுமுறை முடிந்து அக்டோபரில் பள்ளி திறக்கும் அன்றைக்கு அவளுக்குப் பால் தொழிற்சாலையில் ஷிப்ட் ஆரம்பம். மூன்று வருடமாகக் காத்திருந்த வேலை. எட்டு மணிக்கு அவள் கிளம்பிவிட வேண்டும். எட்டரைக்கு வின்னி தனியாகச் சாலையைக் கடக்க வேண்டும். வின்னிக்கு வயது ஏழு.

'பயனாளியின் வகை' என்ற கட்டத்தில் அவள் 'மகள்' என்று எழுதியிருந்தாள். 'வகை தெளிவாக இல்லை' என்று விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. ஜூன் மாதம் ஒருவழியாகக் கவுன்சில் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. நெரிடா தட்டையான டப்பாவைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். மேயர் ரோண்டா மல்காஹி தன் தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்தார்.

"அது கோப்பை வைக்கிற தட்டு இல்ல மேயர். என் பொண்ணோட சாப்பாட்டு டப்பா. டேங்கர் ஏறிடுச்சு."

"அடடா. உயிர்ச்சேதம்?"

"ஒரு வாழைப்பழம்."

போக்குவரத்து மறுபரிசீலனை மூத்த அலுவலர் கெல்வின் டிரஸ்காட் தொண்டையைச் செருமினார். கெல்வினும் நெரிடாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வெளியே அவள் 'நெரிடா', அலுவலகத்துக்குள் 'விண்ணப்பதாரர்'.

"விதிப்படி சாலைப் பயனாளின்னா தானா நகரணும், மேயர். டப்பா தானா நகரல."

"வின்னி தானா நகர்ந்தா. அதனாலதான் உயிரோட இருக்கா."

"அதைத்தான் நானும் சொல்றேன். பயனாளி தப்பிச்சுட்டாங்க. அப்ப சம்பவமே நடக்கல."

"எவ்வளவு நல்ல செய்தி! குறிப்புல ஏத்துங்க" என்றார் மேயர். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். தேங்காய்த்தூள் தூவிய லாமிங்டன் கேக் ஒரு சுற்று வந்தது.

கெல்வின் மேலும் விளக்கினார். ஒரு மணி நேரத்தில் அறுபது பேர் நடந்து கடந்தால்தான் அங்கே கோடு போட்ட கடவுப் பாதை கிடைக்கும்.

"அந்த ரோட்ல எவன் நடப்பான்? பயந்துபோய், எதிர்ல இருக்கிற பள்ளிக்கூடத்துக்கே எல்லாரும் கார்ல போறாங்க!"

"ஆக, நடக்க ஆளே இல்லேன்னு விண்ணப்பதாரரே ஒத்துக்கிறாங்க."

ஆனாலும் பில்லரூங் கவுன்சில் கல்நெஞ்சம் கொண்டதல்ல. ஆள் எண்ணும் கருவி ஒன்றைச் சாலையோரம் நிறுத்த உத்தரவிட்டது. பள்ளி நாட்களில் பிள்ளைகளும் வண்டிகளுமாகப் பெரிய இடைஞ்சல், எண்ணிக்கை தப்பிப்போகும் என்பதால் செப்டம்பர் விடுமுறையில், அதிலும் கால்பந்து இறுதிப்போட்டிக்கு முந்தின பொது விடுமுறையன்று, ஊரே வீட்டுக்குள் இருந்த நல்ல நேரத்தில் எண்ணினார்கள். கடந்தவர் மூவர். ஒரு நாய், அதைத் துரத்திய நெரிடா, கருவியை அணைக்கப்போன கெல்வின். கெல்வின் அரசு அலுவலர் என்பதால் கழிக்கப்பட்டார். 'தேவை எழவில்லை' என்று முடிவு வந்தது.

நெரிடா அவரைக் கார் நிறுத்துமிடத்தில் மடக்கினாள்.

"நான் என்ன பண்ணட்டும் நெரிடா? என் கையில என்ன இருக்கு?"

"பேனா இருக்கு கெல்வின்."

அவர் பேனாவைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை காலை நெரிடா மகளுக்குச் சாலையைக் கடக்கப் பயிற்சி கொடுத்தாள். "வலது பக்கம் பாரு. இடது பக்கம் பாரு. திரும்ப வலது பக்கம். அப்புறம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடு." ஜல்லித் திட்டுவரை வந்திருப்பார்கள், மஞ்சள் மூஞ்சியோடு ஓர் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு நெரிடாவின் தலைக்குப் பாய்ந்தது. திட்டில் ஜல்லியோடு ஜல்லியாக நான்கு புள்ளி முட்டைகள் கிடந்தன.

வீட்டுக்கு ஓடி வந்து கவுன்சிலுக்குப் போன் போட்டாள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்கு வாரநாட்களில் பத்து முதல் மூன்று வரை. பறவைகளுக்கு இருபத்துநான்கு மணி நேரமும். கெல்வின்தான் எடுத்தார்.

"உங்க குருவி என் தலையைக் கொத்த வருது."

"கூடு இருக்கா?"

"ரோட்டு நடுவுல, ஜல்லியில, நாலு முட்டை."

கெல்வினின் குரல் மாறிவிட்டது. "கிட்டப் போகாத. சத்தம் போடாத. வண்டி ஏதாவது வருதா?"

"டேங்கர் வருது."

"ஐயோ கடவுளே, நிறுத்து அதை!"

"அஞ்சு மாசமா அதைத்தானே நானும் கேக்கிறேன்!"

இருபதே நிமிடத்தில் மூன்று வண்டிகள் வந்தன. இருபத்திரண்டு ஆரஞ்சுக் கூம்புகள், கம்பி வேலி, மினுக்கும் மஞ்சள் விளக்கு, இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று இரு பக்கமும் பலகை. கெல்வின் ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்து, குருவி பின்னாலிருந்து கொத்த வராமலிருக்க அதன் பின்பக்கம் இரண்டு கண் வரைந்து, நாடாவால் தாடையோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவசரக் கூட்டம் தொலைபேசியிலேயே கூடி மூன்று நிமிடத்தில் கலைந்தது. நண்பகலுக்கு மேயரே குடையோடு வந்து பத்திரிகைக்காரர் முன் நின்றார்.

"தன்னைக் காப்பாத்திக்கத் தெரியாத சின்ன உயிர்களுக்காக இந்தக் கவுன்சில் எந்த எல்லைக்கும் போகும்" என்றார். சின்ன உயிரின் தாய் குடையைக் கிழித்துக்கொண்டிருந்தது. மேயர் குனிந்து வின்னியிடம், "கொஞ்சம் ஓரமா நில்லு செல்லம், போட்டோவுல விழுற" என்றார்.

காலை வேளையில் தாய்க்குருவிக்குப் படபடப்பு அதிகம் என்று நிபுணர் சொன்னாராம். ஆகவே தினமும் எட்டிலிருந்து ஒன்பது வரை 'நில்' பலகையோடு கெல்வினே நின்று டேங்கர்களை நிறுத்தினார். நிறுத்திய டேங்கருக்கு முன்னால் வின்னி நடந்து கடந்தாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளைகள் நடந்தார்கள். மூன்றாவது வாரம் கார்களெல்லாம் வீட்டிலேயே இருந்தன, அறுபதுக்கு மேல் பிள்ளைகள் கடந்தார்கள். எண்ணத்தான் கருவி இல்லை. குருவி மிரளும் என்று எடுத்துவிட்டார்கள். நெரிடா தொழிற்சாலையில் வெண்ணெய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு, எட்டரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்து நிம்மதியாக மூச்சுவிட்டாள். அவள் வாழ்க்கையில் எந்த அரசியல்வாதியையும் அந்தக் குருவியை நம்பிய அளவு நம்பியதில்லை.

இருபத்தெட்டாம் நாள் முட்டைகள் பொரிந்தன. நான்கு பஞ்சுருண்டைகள் தாயின் பின்னால் வரிசையாகச் சாலையைக் கடந்து பள்ளி மைதானத்துக்குள் போயின. கெல்வின் டப்பாவைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாலைக்குள் கூம்பு, வேலி, விளக்கு, பலகை எல்லாம் வண்டியில் ஏறின. நெரிடா வேலை உடையோடு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அது அப்படியே இருக்கட்டுமே கெல்வின்!"

"விண்ணப்பதாரர் கவனிக்கணும். பயனாளிகள் ரோட்டைக் கடந்துட்டாங்க. திட்டம் முழு வெற்றி."

"அறுபது பிள்ளைங்க நடக்கிறாங்க! உன் கண்ணாலயே பார்த்தே!"

"குருவிக்குப் போட்ட ஏற்பாட்டுல கடந்தவங்க அவங்க. அது கணக்குல வராது. புதுசா ஒரு 14-ஆ போடுங்க, மே மாசம் எடுத்துக்கலாம்."

"நாளைக்குக் காலையில எட்டரைக்கு என் பொண்ணு கடக்கணும்."

கெல்வின் புதுப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். நெரிடாவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் குளிர்பெட்டியிலிருந்து நான்கு கோழிமுட்டைகளை எடுத்தாள். வின்னியின் ஓவியத் தூரிகையை வெஜிமைட் பாட்டிலில் தோய்த்து, ரொட்டிக்குத் தடவுகிற அந்தக் கறுப்புப் பசையால் புள்ளி புள்ளியாக வைத்தாள். கொண்டுபோய் ஜல்லியில் அடுக்கிவிட்டு ஆறரைக்குப் போன் போட்டாள். ஆறு ஐம்பதுக்கு, தலையில் ஐஸ்கிரீம் டப்பாவோடு கெல்வின் வந்து மண்டியிட்டார். ஒரு முட்டையை எடுத்துத் திருப்பினார். அடியில் சிவப்பு மையில் பண்ணைக் குறியீடு.

"நெரிடா."

"சொல்லு கெல்வின்."

"இந்தக் குருவி முத்திரை குத்தி முட்டை போட்டிருக்கு."

"படிச்ச குருவி போல."

"வெஜிமைட் வாசனை அடிக்குது."

"உள்ளூர்க் குருவி."

"விளையாடாத. பொய்த் தகவல் குடுக்கிறது குற்றம்னு உனக்கே..."

சொல்லி முடிப்பதற்குள் டேங்கர் வந்தது. எண்பதில். கெல்வின் தாவினார். ஐஸ்கிரீம் டப்பா தாவவில்லை.

வாசலில் இரவு உடையோடு நின்ற வின்னி ஓடி வரப் பார்த்தாள். "அங்கேயே நில்லு!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கெல்வின் சாலையோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு போய்த் தட்டையாகிக் கிடந்த டப்பாவைச் சுரண்டி எடுத்தார். பின்பக்கம் வரைந்த இரண்டு கண்களும் அவரையே பார்த்தன. கையிலிருந்த முட்டையைக் குறியீடு அடியில் மறையும்படி ஜல்லியில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதினார். 'இனம்: ஆய்வில் உள்ளது. பொரியும் நாள்: கணிக்க இயலவில்லை. பாதுகாப்பு: பொரியும்வரை.'

எட்டு மணிக்குள் இருபத்திரண்டு கூம்புகளும் திரும்பி வந்தன.

டிசம்பரில் கவுன்சிலின் ஆண்டு விழா. "இந்த ஆண்டு கிரீமரி ரோட்டில் ஒரு முட்டைகூட உடையவில்லை" என்று மேயர் அறிக்கை வாசித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முதல் முட்டைகளைக் கண்ட சிறுமி என்று வின்னியை மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

"எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா செல்லம்?"

"நானும் முட்டைக்குள்ள இருந்திருந்தா, அம்மா முதல்ல கேட்டப்பவே வந்திருப்பீங்களா?"

அரங்கில் யாரோ இருமினார்கள். ஆனால் மேயர் மல்காஹி எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருப்பவர்.

"அருமையான கேள்வி! கெல்வின், பாப்பாவுக்கு ஒரு 14-ஆ குடுங்க."

கெல்வின் குனிந்த தலையோடு கொண்டுவந்து கொடுத்தார். வின்னி மேடையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, நிரந்தரக் கடவுப் பாதை வேண்டும் என்று எழுதினாள். 'பயனாளியின் வகை' என்ற இடத்தில் தேர்ந்தெடுக்கக் குருவி இருந்தது, மாடு இருந்தது, கங்காரு இருந்தது. பிள்ளை இல்லை. அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு ஓரத்தில் 'முட்டை' என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையிலேயே அனுமதி வந்துவிட்டது.