பல் டாக்டரும் வால்மீன் படையும்

வாயில் வைத்த பஞ்சோடு திருமதி யாத்விகா படியிறங்கி ஓடியபோது, டாக்டர் போகுமில் சன்னல் பக்கம் திரும்பி மருந்து கலக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"மூணாவது பகுதியில அந்தப் புதுக் கேப்டன் விண்கலத்துல உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவறான். நடுவுல அம்மாவுக்குப் போன் வேற. இதுக்கா விண்வெளிக்குப் போகணும்? இதை ராதோம்லயே செய்யலாமே."

பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலி.

போலந்தின் ராதோம் நகரில் போகுமிலுக்குக் கைராசிக்காரர் என்று பெயர். வலி தெரியாமல் பல் பிடுங்குவார். ஆனால் 'வால்மீன் படை' தொடரின் புதிய வரிசை வந்ததிலிருந்து, அவரிடம் போனால் பல்வலி போய்க் காதுவலி வருகிறது என்று ஊரில் பேச்சு. பள்ளிப் பருவத்திலிருந்தே அவர் அந்தத் தொடரின் பரம ரசிகர். பழைய தொடர்தான் தொடர், பழைய கேப்டன் வோர்ன்தான் கேப்டன், புதியதில் வீட்டுக்கதை புகுந்து நாசமாக்கிவிட்டது என்பது அவர் கட்சி. அதை எடுத்துச் சொல்ல அவருக்கு வாய்த்த இடமும் அப்படி. கேட்பவர் மல்லாந்து படுத்திருப்பார், வாய் திறந்திருக்கும், மறுத்துப் பேச வழியே கிடையாது. வலியில் யாராவது முனகினால், அதையும் ஆமோதிப்பாகவே எடுத்துக்கொள்வார்.

வரவேற்பு மேஜையைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி இர்மினா உள்ளே வந்தாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இதுவரை ஓடிப்போனவர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்தினாள். தபால்காரர், பாதிரியார், மேயரின் மாமியார்.

"மாமியாரே ஓடியிருக்கா போகுஷ். ஒருத்தர் பேச்சைத் தாங்காம மாமியார் ஓடி நான் எங்கேயும் பார்த்ததில்ல." கோபத்திலும் அவள் அவரைச் செல்லமாகப் போகுஷ் என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னும் ஒருத்தர் இந்தக் கப்பல் கதையால எழுந்து போகட்டும். நான் சோபோட்டுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன். நீயும் உன் கேப்டனும் குடித்தனம் பண்ணுங்க."

இர்மினா இல்லாத வீட்டைப் போகுமிலால் கற்பனை செய்யவே முடியவில்லை. விண்வெளியின் எந்த மூலையையும் கற்பனை செய்யத் தெரிந்தவருக்கு, எதிர் நாற்காலி காலியாக இருக்கும் ஒரு சாப்பாட்டு மேஜை மட்டும் கண்ணில் வர மறுத்தது. இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் செய்தார்.

மறுநாள் கசாப்புக் கடைக்காரர் காசிமிர் வந்தார். டாக்டரைக் குஷிப்படுத்தலாம் என்று எண்ணி, புதுத் தொடரில் கேப்டன் அழுதபோது தனக்கும் அழுகை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

போகுமில் சத்தியத்தைக் காப்பாற்றினார். உதட்டை இறுக்கிக்கொண்டார். ஆனால் சொல்ல முடியாத துக்கம் வேறு வழி தேடியது. காசிமிரின் வாய்க்குள் குனிந்து பார்த்தபடியே தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். பெருமூச்சு விட்டார். கண்கூடக் கலங்கியது.

காசிமிர் எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளிறிவிட்டது.

"எனக்கு இன்னும் எவ்வளவு நாள் டாக்டர்? மறைக்காம சொல்லுங்க."

வெறும் சொத்தைப் பல்தான் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. நேரே வார்சாவுக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார். போகிற வழியில் கடையை மகன் பெயருக்கு எழுதிவைத்தார் என்றும் கேள்வி.

தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஆகவே இது சேர்த்தியில்லை என்று போகுமில் வாதாடினார். இர்மினா பரணிலிருந்து பெட்டியை இறக்கி, வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பேசினாலும் வம்பு, பேசாவிட்டாலும் வம்பு. யோசித்து யோசித்து, நாற்காலிக்கு நேர்மேலே கூரையில் ஒரு தொலைக்காட்சியை மாட்டினார். அதில் பழைய தொடரை ஓடவிட்டார். தான் ஏன் பேச வேண்டும்? கேப்டன் வோர்னே பேசிக்கொள்ளட்டும்.

எல்லாம் அவர் இளவயதில் சந்தையில் வாங்கிய திருட்டு வீடியோ கேசட்டுகள். அந்தக் கால வழக்கப்படி, ஆங்கிலத் தொடரின் மேல் ஓர் ஆளே எல்லாருடைய வசனத்தையும் போலிஷ் மொழியில் சொல்லிக்கொண்டு போவார். கேப்டன், அழகி, குழந்தை, எட்டுக் கால் பூதம் எல்லாருக்கும் அதே கட்டைக் குரல், அதே நிதானம். யார் குரல் என்று யாருக்கும் தெரியாது. திருட்டு வேலைக்கு யார் பெயர் போடுவார்கள்? போகுமிலுக்கு ஆங்கிலம் வராது. அந்தக் குரலில் கேட்டதுதான் அவருக்கு வேதம்.

தொலைக்காட்சி வைத்தியத்துக்கு முதலில் வந்தது பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி. மேலேயிருந்து பூதம் வாயைப் பிளந்துகொண்டு இறங்கியது. அதே நேரம் கீழேயிருந்து பல் துளைக்கும் கருவி முகத்துக்கு நேரே உயர்ந்தது. அவள் பயத்தில் வெடுக்கென்று கடித்தாள். நடுவில் டாக்டரின் கட்டைவிரல் இருந்தது.

இர்மினாதான் கட்டுப் போட்டுவிட்டாள். போடும்போது விரலை மெதுவாகவே பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் சொன்னதில் மென்மை இல்லை. இன்னும் ஒருவர் பாக்கி, செவெரின் என்று ஒரு பெரியவர், அவர் ஒழுங்காக வைத்தியம் முடிந்து போனால் பார்க்கலாம், இல்லையென்றால் சாயங்கால ரயில்.

செவெரின் கன்னம் வீங்கி, கழுத்துத் துணியை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். பேச முடியவில்லை. விரலால் பல்லைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். போகுமில் சீழை எடுத்து, பஞ்சை அடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, தலையை ஆட்டவில்லை, மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். கேசட்டை நிறுத்த மட்டும் மறந்துபோனார்.

மேலே கப்பல் கருந்துளையை நெருங்கியது. பெரியவரின் கண் திரையில் நிலைகுத்தியது. தோள் குலுங்கியது. கண்ணோரம் நீர் வழிந்தது. கேப்டன் வோர்ன் இருளை உற்றுப் பார்த்துச் சொன்னார்:

"சூப்பை மூடி வை. விளக்கை அணைக்காதே. நான் வர நேரமாகும்."

அழும் ரசிகனைக் கண்ட பிறகு எந்தச் சத்தியம் நிற்கும்?

"கேட்டீங்களா பெரியவரே? சாவு எதிர்ல நிக்குது, அப்ப சொல்றான். சூப்புன்னா என்ன? பிரபஞ்சம். எல்லாம் கலந்து கொதிக்கிற ஆதிக் குழம்பு. விளக்குன்னா மனுஷனோட அறிவு. இந்த மூணு வரிக்கு நான் ரசிகர் மன்றத்துல எத்தனை தடவை பேசியிருக்கேன் தெரியுமா? புதுசுல இப்படி ஒரு வரி காட்டுங்க பார்ப்போம். வீட்டுப் பேச்சு, வீட்டுப் பேச்சு, வீட்டுப் பேச்சு."

வாசலில் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் இர்மினா. பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"சாவி மேஜைமேல இருக்கு போகுஷ்."

போகுமில் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றார். "போகாதே இர்மினா. கேசட்டு எல்லாத்தையும் இன்னிக்கே குப்பையில போட்டுடறேன். புதுத் தொடரைக்கூட நல்லா இருக்குன்னு சொல்றேன்."

அதைவிடப் பெரிய காதல் வார்த்தையை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. இர்மினா தயங்கி நின்றாள். அப்போது பெரியவர் எழுந்து உட்கார்ந்து வாயிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"கொஞ்சம் பொறும்மா."

அதே கட்டைக் குரல். அதே நிதானம்.

இர்மினாவின் கையிலிருந்த பெட்டி நழுவியது. காதலித்த நாட்களில் அவள் அம்மா வீட்டு சோபாவில் இருவரும் நெருக்கி உட்கார்ந்து கேட்ட குரல் அது. கையைப் பிடித்தபோது, முதல் முத்தத்தின்போது, பின்னணியில் பூதத்துக்கும் அழகிக்குமாகப் பேசிக்கொண்டிருந்த குரல். அவள் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து கணவன் பக்கத்தில் நின்றாள்.

போகுமில் கோவிலில் நிற்பவர்போலக் கேட்டார்.

"ஐயா, அந்தச் சூப் வசனம். அவ்வளவு ஆழத்தை எப்படி ஐயா பிடிச்சீங்க?"

செவெரின் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். டாக்டரைப் பார்த்தார், இர்மினாவைப் பார்த்தார். மறுபடி அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது.

"அது கேப்டன் வசனமே இல்ல டாக்டர். நான் குரல் பதிஞ்சுக்கிட்டிருந்த டேப்பை நடுவுல நிறுத்த முடியாது, அந்த நேரம் பார்த்து என் பெண்டாட்டி போன் பண்ணிட்டா."