உள்மடிப்பு விட்ட கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மதர்போர்டு போகவில்லை. தையல்காரர் அதைச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், இடுப்பு நுழையாத கால்சட்டைக்காரர்கள் செய்வது போலத் தானே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டும் பார்த்தார். ஓரத்தில் இரண்டு விரல் அளவு முட்டிக்கொண்டு நின்றது.

“துணியா இருந்தா பிரிச்சு விட்டுடலாம்” என்று முணுமுணுத்தார். தகரத்தை என்ன செய்வது?

பள்ளிச் சீருடை தைப்பதில் அவருக்கு நல்ல பேர். கீழே ஒரு மடிப்பு, இடுப்பில் ஒரு மடிப்பு என்று துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பார். பிள்ளை வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் கடையிலும் அதையேதான் கேட்டிருந்தார். கையைக் கடிக்காத விலையில் கேம் ஆட ஒன்று வேண்டும், ஆனால் பின்னால் பெரிதாக்கிக்கொள்ள உள்ளே இடம் விட்டிருக்க வேண்டும்.

கடையை நடத்தும் பெண், அப்படியானால் மதர்போர்டை மட்டும் நல்லதாக எடுங்கள், மற்றதை மெல்ல மாற்றிக்கொள்ளலாம் என்றாள். இவர் இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்தார். பெட்டி வேறொரு கடையில் மலிவாகக் கிடைத்தது. காலமெல்லாம் அளவெடுத்தே பிழைத்த மனிதர், கழுத்தில் டேப் தொங்க, அளக்காமல் வாங்கி வந்துவிட்டார்.

இந்த வயதில் அவருக்கு எதற்குக் கேம் என்று ஊரே கேட்டது.

அவருடைய மகன் விடிந்தால் போதும், கேம் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் இவர் வயரைப் பிடுங்கினார். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். கொஞ்ச நாளில் மனைவியும் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். இவர் துணியெடுக்கப் போயிருந்த சமயத்தில் வண்டி வைத்துச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது பீரோ பாதி காலி, மகனின் அறையில் மேசை மட்டும் நின்றது. மனைவியிடம் பேசிப் பார்க்கலாம் என்று இரண்டு முறை போனைக் கையில் எடுத்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டார்.

ஆனால் ஒன்று அவருக்குத் தெரியும். திட்டுவதற்காக மகனின் முதுகுக்குப் பின்னால் நின்ற நாட்களில், ஆட்டத்தில் ஓடும் பொம்மையின் தலைக்கு மேல் அவன் வைத்துக்கொண்ட பேரைப் பார்த்திருக்கிறார்: ‘அறுந்த பட்டன்’. அப்போது தன் தொழிலைக் கிண்டல் செய்கிறான் என்று கோபம் வந்தது. இப்போது உலகத்தில் மகனுக்கு இருக்கும் ஒரே விலாசம் அதுதான்.

பெரிய பெட்டி வாங்கினார். மதர்போர்டு உள்ளே போய், சுற்றிலும் ஒரு குடும்பம் குடியேறும் அளவுக்கு இடம் மிஞ்சியது. அந்தப் பெட்டியை வைக்கத் தையல் கடையில் இடமில்லை. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினைத் தரையில் இறக்கி, அதன் மேசையில் கம்ப்யூட்டரை ஏற்றினார்.

ஆட்டம் வந்தது. ஆனால் பொம்மை ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் இவர் ஒரு சட்டைக்குக் காஜா போட்டு முடித்துவிடலாம் போலிருந்தது. இரண்டாவதாக ஒரு மெமரி போட்டால் கொஞ்சம் ஓடும் என்றாள் கடைக்காரப் பெண். போட்டார். பொம்மை இப்போது நொண்டியது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் சரிவரும் என்று அடுத்துச் சொன்னாள். பழையது ஒன்று இருக்கிறதாம்.

தரையில் கிடந்த ஓவர்லாக் மிஷினைத் தையல்காரர் ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அதை விற்றார்.

கார்டைப் போட்டதும் பொம்மை மானாகத் துள்ளியது. ஒரே ஒரு துள்ளல்தான். மறுகணம் மொத்தக் கம்ப்யூட்டரும் அணைந்து போனது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது.

“பவர் சப்ளை தாங்கலண்ணே” என்றாள் அந்தப் பெண். “பெருசா போடணும்.”

“எல்லாத்துலயும் உள்ள இடம் விட்டு வாங்கினேனேம்மா.”

“இதுல மட்டும் விடலையே.”

அதையும் வாங்கினார். இதற்குள் ஓரம் அடிக்காத சீருடைகள் பிசிறு பிசிறாகப் பிரிந்து திரும்பி வரத் தொடங்கின. ஒரு பையனுக்கு ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் தைத்துக் கொடுத்திருந்தார். வளருவான் என்று அவன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். ஒரு கால் மட்டுமா என்று அந்தம்மா கேட்டாள். வாடிக்கை குறைந்தது. அதில் ஒரு வசதியும் இருந்தது, உட்கார்ந்து ஆட நேரம் கிடைத்தது.

‘நூல்கண்டு’ என்று தனக்குப் பேர் வைத்துக்கொண்டு ‘அறுந்த பட்டன்’ எங்கே என்று தேடினார். கிடைத்தது. சேர்ந்து ஆடலாமா என்று கேட்டுவிட்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தார். சரி என்று உடனே பதில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து மாலையானால் கடையைச் சாத்திவிட்டு மகனோடு ஆடினார். எல்லோரும் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் சுவரில் முட்டினார்கள், பள்ளத்தில் விழுந்தார்கள், முதல் ஆளாகச் செத்தார்கள். எத்தனை கெட்டிக்காரன் அவன். தனக்காகத்தான் இப்படித் தடவித் தடவி ஆடுகிறான் என்று அவருக்குப் புரிந்தது. தெரியாத ஒருவனிடம் இவ்வளவு பொறுமை காட்டுகிற பிள்ளையிடமா தான் வயரைப் பிடுங்கினோம்?

ஒருநாள் திரையில் எழுத்து வந்தது. ‘சாப்டியா?’

வீட்டில் இருந்தவரை அவன் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. வெளியே போய்க் கஷ்டப்பட்டதில் பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, ‘சாப்டேன். நீ?’ என்று அனுப்பினார். பிறகு இருவரும் ஆட்டத்தை மறந்து, ஒரு மரத்தடியில் பொம்மைகளை நிறுத்திவிட்டு, நன்றாகத் தூங்குகிறாயா, இருமல் எதுவும் இல்லையே என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த யாரோ இருவரையும் சுட்டுவிட்டுப் போனான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தான் யார் என்பதைச் சொல்ல மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் அவன் வயரைப் பிடுங்கிவிடுவான். ஆனால் எழுத்தில் எத்தனை நாள் ஒளிந்திருப்பது? குரலைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. மைக் வைத்த ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தார். இதில் பின்னால் பெரிதாக்க ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கடைக்காரப் பெண்ணுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்கும் இரண்டு பொம்மைகளும் மரத்தடியில் நின்றன. பேசலாமா என்று எழுதினார். ‘பேசு’ என்று வந்தது. அவர் மைக்கை வாயருகே இழுத்தார்.

“தம்பி, போயிடாத. நான் அப்பா பேசறேன். வயரப் பிடுங்கினது என் தப்புதான். நீ எவ்வளவு வேணா ஆடு. வீட்டுக்கு மட்டும் வந்துடுடா.”

எதிரே நின்ற பொம்மை அசையவில்லை. காதுக்குள் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. மகன் அழுகிறான் என்று நினைத்து இவருக்கும் கண் நிறைந்தது. அப்புறம் அவர் மனைவியின் குரல் வந்தது.

“ஏங்க, நீங்களா? அவன் விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர்ல, அவன் பேர்ல தினமும் வந்து காத்துக்கிட்டு, நீங்கதான் நம்ம பையன்னு நெனச்சில்ல நான் இத்தனை நாளா பேசிட்டிருந்தேன்?”