கங்கிராஜுலேஷன்ஸ் என்று தொடங்கும் மெயில்

"மெயில் வந்துருச்சா மேடம்?"

நயினார்கோவில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள இ-சேவை மையத்தின் வாசலில் நின்று வசந்தகுமார் கேட்டான். கையில் ஒரு பொட்டலம், அவன் தோட்டத்துக் குண்டு மிளகாய். இரண்டு மாதமாகத் தினமும் இதே கேள்வி, இதே பொட்டலம்.

"இன்னும் வரலைங்க" என்றாள் மாரிச்செல்வி. மையத்தை நடத்துகிறவள் அவள்தான்.

"பரவால்ல. அவசரமில்ல. நாளைக்கு வாரேன்."

அந்த 'பரவால்ல'தான் அவளைக் கொன்றது. திட்டிவிட்டுப் போனாலாவது நிம்மதியாக இருக்கும்.

தப்பு அவளுடையது. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு மெயில் முகவரி கிடையாது. விண்ணப்பத்தில் கைபேசி எண் மட்டும் அவரவருடையது. ஓடிபி வந்தால் சொல்ல வேண்டுமே. மெயில் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் தன் முகவரியையே போட்டுவிடுவாள். இப்படி ஏழு வருஷம் போட்டதில், உலகத்தைப் பொறுத்தவரை அவள் ஒருத்தியே அறுபது வயது விவசாயி, கல்லூரி மாணவி, டிராக்டர் ஓட்டுநர், ஆட்டுப்பண்ணை முதலாளி. அத்தனை பேருக்கும் வரவேண்டிய குப்பை மெயிலும் அவளுக்கே வந்தது. வழுக்கைக்குத் தைலம், லண்டன் லாட்டரி, வாரிசில்லாமல் செத்துப்போன ஏதோ ஒரு இளவரசரின் சொத்து.

இந்தக் குப்பைக்குள்தான் கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனி வசந்தகுமாருக்கு அனுப்பும் வேலை உத்தரவும் வந்தாக வேண்டும். டிப்ளமோ படித்துவிட்டு மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சும் பிள்ளை. அவன் வாழ்க்கையே தன் பெட்டியில் சிக்கிக் கிடக்கிறது என்று நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில், ஒவ்வொரு குப்பைக்கும் அடியில் இருந்த 'இனி அனுப்ப வேண்டாம்' என்பதைப் பொறுமையாக அமுக்கினாள். மறுநாள் இரண்டு மடங்காக வந்தது.

சரி, மனுஷர்தானே, சொன்னால் கேட்பார்கள் என்று மரியாதையாகப் பதில் எழுதினாள். "ஐயா, இது சேவை மையம். எங்களுக்கு லாட்டரி வேண்டாம். தங்கள் வீட்டில் அனைவரும் நலமா?"

அனைவரும் நலம் என்று பதில் வந்தது. கூடவே பதினாறு பேர் புதிதாக நலம் விசாரித்தார்கள்.

ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பெடுக்கும் தோழி மாலதியைப் போனில் பிடித்தாள்.

"லூசாடி நீ? பதில் போட்டா, இங்கன ஒரு ஆளு முழிச்சிக்கிட்டு இருக்குன்னு நீயே காட்டிக்குடுத்த மாதிரி. குப்பையில அதிகமா என்ன வார்த்தை வருது?"

"கங்கிராஜுலேஷன்ஸ்."

"அதுல ஆரம்பிக்கிற மெயில் எல்லாம் நேரா குப்பைத்தொட்டிக்குப் போற மாதிரி வச்சிரு."

வைத்தாள். பெட்டி பளிச்சென்று ஆனது. ஐந்து வாரம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அப்புறம் ஒருநாள், சொந்த மெயில் வைத்திருக்கும் நர்ஸ் நஸீரா தன் வேலை உத்தரவை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். தாளை வாங்கிய மாரிச்செல்வி அதை மெஷினில் வைக்காமல் வாசித்தாள். முதல் வார்த்தை, கங்கிராஜுலேஷன்ஸ்.

பாய்ந்துபோய்க் குப்பைத்தொட்டியைத் திறந்தாள். முப்பது நாளுக்கு முந்தைய மெயில் எல்லாம் தானாகவே அழிந்திருந்தது.

மறுநாள் காலை வசந்தகுமார் பொட்டலத்தோடு வந்தான். "மெயில்..." என்று அவன் தொடங்குவதற்குள் அவள் அழுதுவிட்டாள்.

"உங்க வேலைய நான்தாங்க அழிச்சுட்டேன்!"

"ஐயோ, அழுவாதீங்க மேடம். போனாப் போகுது."

"எப்படிங்க போகும்? கம்பெனி நம்பரக் குடுங்க, நானே பேசுறேன். வேணும்னா கோயம்புத்தூருக்கே போயிக் கெஞ்சுறேன்."

"வேணாம்! வேணவே வேணாம்!" போனைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். முகம் பொட்டலத்து மிளகாய்க்குப் போட்டியாகச் சிவந்திருந்தது. இவ்வளவு நல்லவனுக்கா இப்படிச் செய்தோம் என்று அவளுக்கு அழுகை கூடியது.

அந்த நேரம் பார்த்து, முதியோர் உதவித்தொகை பற்றி விசாரிக்க அவன் அம்மா பஞ்சம்மாள் உள்ளே நுழைந்தாள்.

"ஏந்தாயி அழுவுற? இவன் எதுவும் சொன்னானா?"

"இல்லத்த. அவுகளுக்கு வந்த வேலை மெயில நான் பாக்காமத் தொலைச்சுட்டேன். தெனமும் வந்து கேட்டுட்டுப் போவாக, பாவம்."

பஞ்சம்மாள் மகனைப் பார்த்தாள். மேசை ஓரத்தில் குவிந்திருந்த மிளகாய்ப் பொட்டலங்களைப் பார்த்தாள்.

"அந்தக் கம்பெனிக்காரவுக போன மாசமே இவனுக்குப் போன் போட்டுக் கூப்புட்டாக, வேலை வேணாம்னு இவனேதான சொன்னான், அப்புறம் தெனமும் இங்கன எந்த மெயிலப் பாக்க வாரான்?"