பக்கத்து நாற்காலியில் ஒரு பூந்தொட்டி

மனிதகுலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் நெருப்பு, சக்கரம், எங்கள் இயக்குநரின் 'மனஅமைதித் திட்டம்'. முதல் இரண்டும் யார் மூளையில் உதித்தவை என்று தெரியாது. மூன்றாவதற்கு நானே சாட்சி. விமானக் கட்டுப்பாட்டு நிலையத்தில் நான் அவருடைய உதவியாளர்.

மாலையில் விமானங்கள் வரிசைகட்டி வரும். அப்போது ரேடார் திரைக்கு முன் இருவர் உட்காருவது பழைய வழக்கம். ஒருவர் விமானிகளிடம் பேசுவார். மற்றவர் பதில்களைக் கவனித்துக் கேட்பார். ஒரு விமானத்துக்குச் சொன்னதை இன்னொன்று தனக்கென்று எடுத்துக்கொண்டால், பிடித்து நிறுத்த வேண்டியவர் அவர்தான்.

"சும்மா கேக்கறதுக்கு ஒரு ஆளா?" என்று இயக்குநர் வியந்தார். "இவங்களுக்கு டென்ஷன் எப்போ அதிகம்?"

"சாயந்திரம்தான் சார்."

"அப்போ மனஅமைதி வகுப்பும் சாயந்திரம்தான். காய்ச்சல் அடிக்கும்போதுதானே மாத்திரை?"

நான் கைதட்டினேன்.

'ஊழியர் நலச் செம்மல்' விருது வாங்க இயக்குநர் வெளியூர் போயிருந்த அன்று திட்டம் உதயமானது. எல்லோரும் கீழ்த்தளத்தில் மூச்சுப் பயிற்சிக்குப் போனார்கள். திரைக்கு முன் மிஞ்சியவர், நாங்கள் 'பெரியக்கா' என்று அழைக்கும் மூத்த கட்டுப்பாட்டாளர் மட்டும்.

"ஏன் தம்பி, பக்கத்து நாற்காலியில ஆள் எங்க?"

"பூந்தொட்டி வெச்சிருக்கோமேக்கா. பச்சையைப் பார்த்தா மனசுக்கு இதம்னு சார் சொன்னார்."

"அதுக்குக் காது கேக்குமா?"

பதிலுக்குக் காத்திராமல் மைக்கைப் பிடித்தார். வந்த விமானங்களை ஒன்றின்மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளியில் வட்டமிட வைத்தார். அடியில் இருந்ததை இறங்கச் சொன்னார். அதற்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது, "சரி, இறங்கறோம்" என்றது. அந்த நொடியில் பெரியக்காவின் மறு காதில் பக்கத்து நிலையத்தின் தொலைபேசி. பூந்தொட்டி மிகுந்த மனஅமைதியுடன் இருந்தது.

திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்கின.

"இறங்காதீங்க! உங்களுக்குச் சொல்லல! வலப்பக்கம் திரும்பி மேல போங்க!"

புள்ளிகள் விலகின. பெரியக்கா தொலைபேசியை வைத்தார். நான் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அது நிர்வாக நடவடிக்கை.

சற்று நேரத்தில் அதே விமானி பேசினார். "மேடம், முன்வரிசையில ஒருத்தர் உங்க இயக்குநராம். அங்க எத்தனை பேர் வேலை பாக்கறீங்கன்னு கேக்கறார்."

"நான் ஒருத்திதான். மத்தவங்க மூச்சுப் பயிற்சியில இருக்காங்கன்னு சொல்லுங்க."

விமானி மறுபடி வந்தார். "சொல்லியாச்சு. இப்போ அவருக்குத்தான் மூச்சு வரல. எல்லாரையும் உடனே வேலைக்குக் கூப்பிடச் சொல்றார்."

கீழ்த்தளத்துக்கு ஓடினேன். "யாரும் கண்ணைத் திறக்காதீங்க" என்றார் பயிற்சியாளர்.

"சார் மேல இருக்கார்!" என்று கத்தினேன்.

எல்லாக் கண்களும் திறந்தன. "போயிட்டாரா?" என்றார் ஒருவர், கொஞ்சம் ஆவலாகவே.

"இல்லய்யா, பத்திரமா இறக்கணும்!"

இறக்கினார்கள். மறுநாள் கூட்டத்தில் திட்டம் கைவிடப்படும் என்று எதிர்பார்த்த அற்பர்களும் உண்டு. தொலைநோக்காளரான இயக்குநரோ ஒரே ஒரு திருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார்: தாம் பறக்கும் மாலைகளில் மட்டும் வகுப்பு கிடையாது.

"மத்த நாள்ல பறக்கறவங்க என்ன சார் பண்ணுவாங்க?" என்றார் பெரியக்கா.

"அவங்களுக்குத்தான் மனஅமைதியான ஊழியர்கள் இருக்கீங்களேம்மா!"

நான் கைதட்டினேன்.

ஆகவே பயணிகளே, பெல்ட்டைப் போடுமுன் முன்வரிசையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். எங்கள் இயக்குநர் அங்கே இல்லையென்றால், சத்தம் போடாமல் இறங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.