புதிய ஏற்பாடு அமலுக்கு வந்துவிட்டது

கணினித் திரையில் அறிவிப்பு வந்தால் நம் மக்கள் அதைப் படிப்பதில்லை. சாப்பாட்டில் உட்கார வரும் ஈயைப் போல விரட்டிவிடுகிறார்கள். இதை மாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பிய மேதை நான்.

செங்கம் ரோட்டில் என் மாமா அச்சகம் நடத்துகிறார். அங்குள்ள கணினிகள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. அவற்றுக்கு நிர்வாகி நான். (அந்தப் பதவியை எனக்குக் கொடுத்ததும் நான்தான்.) ஒருமுறை லினக்ஸின் புதிய பதிப்பை ஏற்றினேன். விசைப்பலகையிலிருந்து தாள் அளவுவரை எல்லா அமைப்பும் மாறிப்போனது. விவரத்தைத் திரையில் போட்டேன். அச்சகத்தின் மூத்த ஊழியர் பஷீர் அண்ணன் அதைப் படிக்காமலே மூடிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, 'ழ' எங்கப்பா போச்சு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அச்சுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் என் அறிவிப்பு தனித்தாளில் வந்து விழும்படி செய்தேன். ஆங்கிலம் கலக்காமல் நானே எழுதினேன்:

"முக்கிய அறிவிப்பு. பழைய ஏற்பாடு நீக்கப்பட்டு, புதிய ஏற்பாடு அமலுக்கு வந்துவிட்டது. பழையதே வேண்டுவோர் உடனே தெரிவிக்கவும்."

எழுதிவிட்டு, வேலூரில் நண்பன் வீட்டுக்குப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன். அன்றுதான் என் அக்கா செல்வியின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் உறவினர் பெயரைத் தனித்தனியாக அச்சிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆகவே ஒவ்வொரு பத்திரிகைக்கு முன்னாலும் என் அறிவிப்பு வந்து விழுந்திருக்கிறது. பஷீர் அண்ணன் இரண்டையும் அழகாக மடித்து ஒரே உறையில் போட்டுவிட்டார். அப்பாவும் பிரித்துப் பார்க்காமல் அன்றே சம்பந்தி வீட்டுக்கும் உறவினர்களுக்கும் கொடுத்தனுப்பிவிட்டார்.

நான் ஊர் திரும்பியபோது சம்பந்தி எங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தத் தாள்.

"மாப்பிள்ளய மாத்தறதுன்னா எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

அப்பா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா அழ ஆரம்பித்திருந்தாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், வேலூரிலேயே தங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

"மாமா, இதுக்கெல்லாம் காரணம் லினக்ஸுங்க" என்று சம்பந்தியிடம் சொன்னேன்.

"லினக்ஸா? எந்த ஊரு பையன் அவன்?"

நான் விளக்க விளக்க நிலைமை மோசமானது. 'பழைய பதிப்பில் குறைகள் ஜாஸ்தி' என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அவர் செருப்பைத் தேடினார்.

கெஞ்சிக் கூத்தாடி அவரை அச்சகத்துக்கு அழைத்துப் போனேன். அவர் பெயரிலேயே ஒரு பத்திரிகை அடிக்கச் சொன்னேன். முதலில் என் அறிவிப்பு வந்தது, பிறகு பத்திரிகை. இன்னொன்று அடித்தோம். மறுபடியும் அதே.

அவர் பஷீர் அண்ணன் பக்கம் திரும்பினார். "உறையில போடறப்ப நீங்க படிக்கலியா?"

"உள்ள வெக்கற சீட்டுனு நெனச்சேன். அறிவிப்பயெல்லாம் யாருங்க படிக்கறாங்க?"

சம்பந்தி முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை சரவணன் உடனே அக்காவை அழைத்து, "பழையதே வேணுங்கறவங்க தெரிவிக்கணுமாமே. நீ தெரிவிச்சியா?" என்று கேட்டாராம். அவள் சொன்ன பதிலை இன்றுவரை இருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. சாப்பிட வந்தவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளை முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார்கள்.

இப்போதெல்லாம் சம்பந்தியின் கைபேசியில் எந்த அறிவிப்பு வந்தாலும், அதைத் தொடாமல் முதலில் எனக்குத்தான் போன் செய்கிறார்.

"தம்பி, ஏதோ மாறப் போவுதாம். வீட்ல எல்லாரும் இருக்கோம். யாரைப்பா மாத்தறாங்க?"