இருபத்தெட்டே கால்

டெல்மர் கோயரிங் கார் ஷெட்டின் தரையில் மண்டியிட்டு, தன் மருந்துக்கடையில் மருந்து அளக்கிற அதே முகத்தோடு, சைக்கிளின் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். காற்று மீட்டர் முப்பத்திரண்டு காட்டியது. அதிகம் என்று பட்டது. வால்வை லேசாகத் தொட்டார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. மறுபடி மீட்டர். முப்பத்தொன்றரை. இப்போது குறைச்சல் என்று பட்டது.

"அது டயரா, பச்சைக் குழந்தையா?" மார்லா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். கையெல்லாம் மாவு. "ரெண்டு மணி நேரமா நாடி பிடிச்சிட்டிருக்க."

"முப்பத்திரண்டுன்னா கல்லு மேல குதிக்குது. முப்பத்தொண்ணரைன்னா ரிம் அடிபடுமோன்னு பயமா இருக்கு."

"நடுவுல ஏதாவது வையேன்."

"நடுவுலன்னா, முப்பத்தொண்ணே முக்காலா?"

மார்லா மாவைப் பிசைய உள்ளே போனாள்.

மறுநாள் காலை நூறு மைல் சைக்கிள் பந்தயம். ஃப்ளின்ட் ஹில்ஸின் புல்மேடுகள் முழுக்கச் சிக்கிமுக்கிக் கல் ஜல்லி போட்ட சாலைகள்தாம். அந்தக் கல்லின் விளிம்பு தோலுரிக்கிற கத்தி மாதிரி இருக்கும். காற்று அதிகமாக இருந்தால் சைக்கிள் தவளையாகத் தாவும்; குறைவாக இருந்தால் கல் டயரைக் கடித்துத் தின்றுவிடும். டெல்மர் நான்கு வருடம் கலந்துகொண்டு நான்கு வருடமும் பாதியில் நின்றவர். இரண்டு முறை காற்று அதிகம், இரண்டு முறை குறைவு. நான்கு ஜூன் மாதங்களிலும் மார்லா சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு வராத கணவனுக்காகக் காத்திருந்தாள். ஒரிகானில் கடலோரம் இருக்கும் அவள் அக்கா ஒவ்வொரு வருடமும் "இந்த ஜூன்லயாவது வருவியா?" என்று கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாள்.

போன மாதம் சர்ச் விருந்தில், யாரோ கேலி செய்த கோபத்தில், டெல்மர் எல்லார் எதிரிலும் எழுந்து சொல்லிவிட்டார். இந்த முறையும் முடிக்காவிட்டால் சைக்கிளைச் சர்ச்சின் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்துவிடுவதாக. முதலில் கைதட்டியவள் மார்லாதான். அது அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

சைக்கிள் கடைக்காரர் கர்ட்டுக்குப் போன் போட்டார்.

"உன் எடை எவ்வளவு?" என்றார் கர்ட்.

"நூத்தி எண்பத்தாறு பவுண்டு. ஆனா மார்லா பீராக் சுட்டுட்டிருக்கா. சாப்பிடறதுக்கு முன்னாடி எடையைச் சொல்லணுமா, அப்புறமா?"

முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் பொதிந்து சுட்ட பீராக் ரொட்டி கர்ட்டுக்கும் உயிர். அவர் கொஞ்சம் யோசித்தார். "எத்தனை சாப்பிடுவ?"

"மூணு."

"அப்ப அரைப் பாயிண்ட் கூட வை. எனக்கும் ரெண்டு எடுத்து வை."

அரைப் பாயிண்ட் கூட்டினார். பிறகு மனம் கேட்கவில்லை. மாட்டு டாக்டர் வேடுக்குப் போன் போட்டார். வேட் அவரோடு பள்ளியில் படித்தவன். எல்லா வருடமும் பந்தயத்தை முடிப்பவன், முடித்ததை அடுத்த பந்தயம்வரை சொல்லிக்கொண்டிருப்பவன்.

"நீ எவ்வளவு வைக்கிற?"

"இருபத்தாறு," என்றான் வேட்.

"நிஜமாவா?"

"மாடுங்களோட பழகுறவன்டா நான். பொய் சொல்லவே வராது எனக்கு."

டெல்மர் இருபத்தாறுக்கு இறக்கித் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார். நடைபாதை விளிம்பில் ஏறும்போது ரிம் 'டங்' என்று அடிபட்டது. அந்தச் சத்தம் அவர் பல்லில் கேட்டது. திரும்பி வந்து முப்பத்தாறு ஏற்றினார். இப்போது ஓட்டிப் பார்த்தபோது மூக்குக் கண்ணாடி தானாகக் கழன்று பக்கத்து வீட்டுப் புல்லில் விழுந்தது. மறுபடி இறக்கினார். மறுபடி ஏற்றினார். ஒன்பதாவது முறை, அலுத்துப்போன வால்வின் ஊசி கழன்று எங்கேயோ பறந்தது.

டயருக்குள் ஓட்டை அடைப்பதற்காக ஊற்றியிருந்த வெள்ளைப் பால் பீறிட்டது. சன்னல் வழியே வந்த சாயங்கால வெயிலில் அது மெதுவாக, அழகாக, பாதி வானவில் போல வளைந்து எழுந்தது. டெல்மர் ஒரு கணம் சொக்கிப்போய்ப் பார்த்தார். பிறகு அது எங்கே இறங்கியது என்று பார்த்தார். ஷெட்டின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீல அங்கி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் மார்லா தனியாகப் பாடப் போகும்போது போட வேண்டிய அங்கி.

மார்லா வந்து பார்த்தாள். கறையை நகத்தால் சுரண்டினாள்.

"துவைச்சாப் போகுமா?"

"ஓட்டையை நிரந்தரமா அடைக்கணும்னு செஞ்சது, மார்லா."

"அப்ப போகாது." அவள் அங்கியைக் கொடியிலிருந்து எடுத்தாள். அது மடங்கவில்லை, பலகை போல நின்றது. "நாளைக்கு நீ முடிச்சே ஆகணும்னு நான் சொல்லல. முடிக்கலைன்னா எங்க அக்கா வீட்டுல கடல் பாத்த மாதிரி ஒரு ரூம் இருக்கு, அதைத்தான் சொல்றேன்."

கர்ட் வந்து புது வால்வு மாட்டிவிட்டு, இரண்டு பீராக்கோடு போனார். போகும்போது, "இனிமே தொடாத," என்றார்.

விடியுமுன் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆறு மணிக்குப் புறப்படும் கோட்டில் அறுநூறு பேர் மூடுபனிக்குள் நின்றார்கள். பாதி உடல்தான் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாரும் மேகம். மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாக எழுந்து, பனியில் கரைந்து, இன்னும் தூரத்தில் மறுபடி எழுந்தன. எங்கோ ஒரு மாடு, கனவில் கூப்பிடுவது போல ஒரு முறை கூப்பிட்டது.

டெல்மர் குனிந்தார். கை தானாக வால்வுக்குப் போனது. ஒரே ஒரு புஸ்.

பக்கத்தில் இருந்த வேட் நிமிர்ந்தான். "எதுக்கு இறக்கின?"

"சும்மா."

வேட் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுத் தானும் ஒரு புஸ் விட்டான். அவனுக்குப் பின்னால் இருந்தவள் அதைக் கேட்டு இரண்டு புஸ் விட்டாள். புஸ், புஸ், புஸ் என்று பனிக்குள் வரிசை வரிசையாக அது பரவிப்போனது. மலையே பெருமூச்சு விடுவது போல இருந்தது. அவ்வளவு பேர் இறக்குகிறார்கள் என்றால் காரணம் இருக்கும் என்று டெல்மர் இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"நிஜத்தைச் சொல்லு வேட். இருபத்தாறா?"

"இல்லடா. முப்பத்தஞ்சு."

டெல்மர் பம்பை எடுப்பதற்குள் துப்பாக்கி வெடித்தது.

முதல் ஐம்பது மைலில் பதினோரு முறை நின்றார். மேட்டில் ஏறும்போது டயர் மெத்தையாக அமுங்கியது, இறங்கிக் காற்று அடித்தார். சரிவில் இறங்கும்போது கை மரத்தது, இறங்கிக் காற்றைக் குறைத்தார். ஓடைக்கடவில் சேறு பிடித்தது. அது வேர்க்கடலை வெண்ணெய் போன்ற சேறு. சக்கரம் சுற்றாமல் நின்றுவிட, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முக்கால் மைல் நடந்தார். அவரைத் தாண்டிப் போனவர்களில் ஒரு கிழவரும், இரட்டைச் சைக்கிளில் பேசிக்கொண்டே போன புதுத் தம்பதியும், ஒரு காலில் கட்டுப் போட்ட பெண்ணும் அடக்கம்.

பாதி வழிச் சாவடி ஒரு மாட்டுப் பண்ணையின் முற்றத்தில் இருந்தது. அதற்கு அரை மைல் முன்னால் கடைசியாக ஒரு முறை நின்று, இரண்டு டயரிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். இருபத்தெட்டே கால். கூட்டவும் தெம்பில்லை, குறைக்கவும் தெம்பில்லை. "கிட கழுதே," என்று டயரிடம் சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டே போய் வேலியில் சாய்த்தார்.

அந்தச் சாவடியை நடத்துபவள் பண்ணைக்காரி ஓபல், எழுபது வயது. மாதாமாதம் டெல்மரின் கடையில்தான் மாத்திரை வாங்குவாள். அவரைப் பார்த்ததும் கால் இழுத்துக்கொள்ளாமல் இருக்க வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர் ஒரு டம்ளரும் தர்ப்பூசணித் துண்டும் கொடுத்தாள்.

"பிரஷர் மாத்திரையை எனக்குக் குடுக்கிற. நீ ஒண்ணு போட்டுக்கலாம்ப்பா."

"என் பிரஷர் இல்லீங்க. டயரோடது."

"ரெண்டும் ஒண்ணுதான். கொஞ்சம் உக்காரு. ஒரு மணிக்குத்தான் வாசலை மூடுவோம், அதுக்கப்புறம்தான் யாரையும் விட மாட்டோம்."

பருத்திமர நிழலில் உட்கார்ந்தார். இலைகள் மழை போலச் சலசலத்தன. கண்ணை மூடியதும் கடல் வந்தது. ஒரிகான் கடல். மார்லா வெள்ளைக் கறை படிந்த அங்கியோடு அலையில் நின்று, ஒரு பெரிய டயரை மிதக்கவிட்டு, "இதுல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள். அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்ல வாயெடுத்தபோது யாரோ தோளை உலுக்கினார்கள்.

"டெல்மர். மணி ஒண்ணாகப் போகுது. எழுந்து ஓடு."

அரைத் தூக்கத்தில் ஓடினார். வேலியில் சேற்றுக் கட்டியாக நின்ற சைக்கிளை இழுத்து, ஏறி, வாசல் கயிற்றைக் கட்டுவதற்குள் வெளியே பாய்ந்தார்.

ஒரு மைல் போன பிறகுதான் அது உறைத்தது. சத்தமே இல்லை.

கல் இருந்தது, ஆனால் இடிக்கவில்லை. டயர்கள் ஒவ்வொரு கல்லையும் தடவிக்கொடுத்துவிட்டுப் போயின. கை மரக்கவில்லை. முதுகு பேசவில்லை. இருக்கைகூட யாரோ அவருக்காகச் செய்து வைத்தது போல இருந்தது. இதுதானா அது, என்று நினைத்துக்கொண்டார். ஐந்து வருடம் தேடியது கடைசியில் இருபத்தெட்டே காலில் ஒளிந்துகொண்டிருந்ததா.

பாக்கெட்டில் மீட்டர் இருந்தது. முதல்முறையாக அவர் அதைத் தொடவில்லை.

மேகங்களின் நிழல் மேடுகளின் மேல் நீந்திப்போனது. அவரும் கூடவே நீந்தினார். புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெள்ளி காட்டி, மறுபக்கம் சாய்ந்து பச்சை காட்டியது. வேலிக் கம்பத்தில் மஞ்சள் நெஞ்சுப் பறவை ஒன்று பாடியதை முழுசாகக் கேட்டார். நான்கு வருடத்தில் இந்தச் சாலையில் பறவை இருந்ததே அவருக்குத் தெரியாது. எத்தனை மைல் போயிற்று, எத்தனை பாக்கி என்ற கணக்கே மனசிலிருந்து உதிர்ந்துவிட்டது. காலையில் தாண்டிப்போன புதுத் தம்பதியைத் தாண்டினார். இப்போது அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

எண்பதாவது மைலில் வேட் சாலையோரத்தில் டயரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவது பஞ்சர். டெல்மர் நின்று தன் சட்டைப் பாக்கெட்டில் வைத்திருந்த மாற்று டியூபைக் கொடுத்தார்.

வேட் அவரை மேலும் கீழும் பார்த்தான். "மூஞ்சி என்னடா இப்படி இருக்கு? ஏதாவது மாத்திரை போட்டியா?"

"இருபத்தெட்டே கால்," என்றார் டெல்மர், ரகசியம் சொல்கிற குரலில்.

"முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டுலயும்."

வேட் எச்சிலை விழுங்கினான். டெல்மர் மறுபடி மிதந்துகொண்டு போனபோது, பின்னால் அவன் பம்பு அடிக்கிற சத்தமும், நிறுத்திப் பார்க்கிற அமைதியும் மாறி மாறிக் கேட்டன.

வெயில் இன்னும் பொன்னாகக் கிடக்கும்போதே ஊர்த் தெருவுக்குள் வந்தார். மடக்கு நாற்காலியில் மார்லா புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நாலு வருடப் பழக்கத்தில் தலை நிமிரவே இல்லை. அவர் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதும் புத்தகம் கீழே விழுந்தது. எழுந்து வந்தவள் சேறும் உப்புமாக இருந்த அவர் முகத்தைக் கையால் துடைத்தாள். சும்மா துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ நிஜமாவே முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன். கடலுக்குப் போவோம் மார்லா. அடுத்த ஜூன்ல."

"அங்கி?"

"புதுசு தைக்கலாம். நானே துணி எடுத்துத் தர்றேன்."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாலு வருடம் தோற்றவன் பின்பாதியில் எழுபது பேரைத் தாண்டினான் என்ற செய்தி அவருக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. கர்ட் தன் கடை வாசல் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்த பழைய காற்று அளவு அட்டவணையை உள்ளங்கையால் அழித்தார்.

"எவ்வளவுன்னு சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

டெல்மர் தொண்டையைச் செருமினார். "இருபத்தெட்டே கால். ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சின்ன வித்தியாசம்தான், ஆனா அதுலதான் எல்லாமே இருக்கு. மருந்து அளக்கிற மாதிரிதான் இதுவும்."

கர்ட் பெரிதாக எழுதினார். சிலர் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்கள். அப்போதுதான் வந்து சேர்ந்த வேட், மூச்சு வாங்கியபடியே கைதட்டினான். மார்லாகூட அந்த எண்ணை ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

ஒரு பழைய பிக்கப் வண்டி ஹாரன் அடித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றது. ஓபல் இறங்கினாள். டெல்மர் சாய்ந்துகொண்டிருந்த சைக்கிளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் இருக்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"உன் சைக்கிள் பின்னாடி வண்டியில கிடக்கு, எறக்கிக்கப்பா. ரெண்டும் கர்ட் கடையில வாங்கினது, அந்தச் சேத்துல உனக்கு எப்படித் தெரியும்? இது எங்க வீட்டுக்காரர் மாடு பாக்கப் போற சைக்கிள், வாங்கின நாள்லேர்ந்து இதுக்கு யாரும் காத்தே அடிச்சதில்ல."