கும்பத்தடியில் வைத்த கட்டடப் புத்தகங்கள்

பரமட்டா, சிட்னி
சரசுவதி பூசை நாள், 1977

அன்புள்ள தம்பி வரதராஜாவுக்கு அக்கா எழுதுவது. நீயும் மச்சாளும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். ஆனால் தம்பி, இன்று எழுத்துக் கோணினால் குறை நினையாதே. இந்த நேரம் எங்கள் யோகேஸ்வரனின் மகள் ரஞ்சினி மூன்று வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கு முன்னால் நிற்கிறாள். வாசிக்க ஒரு புத்தகமும் கொடுக்காமல் அவளை அனுப்பியது நான்.

பிள்ளை கட்டடக் கலை படிப்பது உனக்குத் தெரியும். உலகத்தில் உள்ள பழைய மாளிகை, தேவாலயம், பாலம் எல்லாவற்றையும் பற்றி இன்று வாய்ச் சோதினை. இன்ன இன்ன புத்தகம் வாசித்தால் நல்லது என்று பேராசிரியரே சிபாரிசு செய்ய, அவள் நூலகத்தில் தவம் கிடந்து வாங்கி வந்தாள். ஒவ்வொன்றும் அம்மிக்கல் பாரம். நேற்றுப் பின்னேரம் நான் கும்பம் வைத்து, மாவிலை கிடையாதபடியால் பக்கத்து வீட்டு எலுமிச்சையில் நாலு இலை கேட்டுச் செருகி, மேசையில் இருந்த தடித்த புத்தகங்களை எல்லாம் என் கூறைப் பட்டில் சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பத்தடியில் அடுக்கிவிட்டேன். நாளைக் காலை விசயதசமிக்குத்தானே இனி அவிழ்க்கலாம்! சோதினை இன்றைக்கு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மருமகள் விமலாதேவி இருந்தால் சமாளித்திருப்பாள், அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. நான் தீபம் காட்டி முடிய, ரஞ்சினி வந்து வெறும் மேசையைப் பார்த்தாள்.

"அப்பம்மா, என்ர புத்தகம் எங்க?"

"சரசுவதியிட்ட இருக்கு மோனை."

"ஐயோ, நாளைக்கு எனக்கு வைவா! ப்ளீஸ் அப்பம்மா, ஒரே ஒரு புத்தகம். அவவுக்கு நாலு கை இருக்கெல்லோ, ஒரு கையால ஒண்டைத் தாறது!"

"அந்த நாலு கையும் உனக்கு மார்க்ஸ் போடத்தான் சரியாயிருக்கும். பேசாமல் இரு."

பகிடியாகத்தான் சொன்னேன், பிள்ளை அழுதுவிட்டாள். அதுக்குள்ள யோகேஸ்வரன் எழும்பி வந்திட்டான். உனக்கு ஞாபகம் இருக்கும், பெம்பிளைப் பிள்ளைக்கு ஏன் சீமெந்தும் கல்லும், கணக்கியல் படிக்கட்டும் என்று தொடக்கத்திலேயே நின்றவன் அவன். நான்தான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து சேர்க்க வைத்தேன். அப்போது அவன் போட்ட நிபந்தனை, ஒரு சோதினை ஃபெயில் என்றாலும் அடுத்த நாளே கணக்கியல். நேற்று அவன் சத்தம் போடவில்லை தம்பி, மெதுவாகத்தான் சொன்னான்: "அம்மா, படிக்க வேணுமெண்டு நிண்டதும் நீங்கள், புத்தகத்தைக் கட்டி வைச்சதும் நீங்கள். இனி என்னை ஒண்டும் கேக்காதேங்கோ." அது என் நெஞ்சில் போய்க் குத்தியது. ஆனாலும் பூசையில் வைத்ததை இடையில் எடுத்தால் படித்ததும் போய்விடும் என்ற பயம் எனக்கு. எடுக்கவும் பயம், எடுக்காமல் விடவும் பயம். பிள்ளை பட்டைத் தொடவில்லை. கும்பத்துக்கு முன்னால் சப்பாணி கொட்டி இருந்து ஒரு தாளில் எதையோ கீறிக்கொண்டு இருந்தாள். காலையில் தேத்தண்ணியும் குடிக்கவில்லை, போட்டு வாறன் என்றும் சொல்லவில்லை, கதவுச் சத்தம் மட்டும் கேட்டது. இப்ப மூன்று மணியாகுது, ஒரு தகவலும் இல்லை, நான் போனையும் கும்பத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு

போன் அடிக்குது. பொறு.

தம்பி, பாஸ்! சிபாரிசு செய்த புத்தகங்களில் எது உதவியது என்றுதான் முதல் கேள்வியாம். "ஒண்டும் இல்லை, எல்லாத்தையும் அப்பம்மா சாமிக்கு வைச்சிட்டா" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். ஒருவர் சிரிக்கவேயில்லையாம், பேனாவை மூடிவிட்டாராம். இன்னொருவர், அந்த இடத்தையாவது கீறிக் காட்டு என்றாராம். இவள் பலகையில் எங்கள் முன் அறையைக் கீறி, சோபாவை எங்கே தள்ளினோம், விளக்கை ஏன் அந்த மூலையில் வைத்தோம், ஒரு சேலையைத் தொங்கவிட்டதும் வாடகை வீடு எப்படிக் கோவிலாகிறது, உள்ளே வருபவர் தானாகவே ஏன் நின்றுவிடுகிறார் என்று சொல்லி, அங்கேயிருந்து பெரிய தேவாலயங்களுக்குப் போய்விட்டாளாம். நேரம் முடிந்தும் அவர்கள் விடவில்லையாம்!

பார்த்தாயா, பூசையின் பலனை? நான் விட்டுக்கொடாமல் நின்றதால்தான் சரசுவதி அவள் நாக்கில் வந்து இருந்தாள். பெட்டை வீடு கட்டுமோ என்று சிரித்த இரத்தினசிங்கம் மாஸ்டரிடம் போய், எல்லாம் அக்காவின் பூசையால் என்று சொல்லு. மச்சாளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு உச்சி முகர்ந்து ஆசீர்வாதம். உங்கள் வீட்டு விளக்கு என்றும் நின்று எரியட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: இன்று விசயதசமி. நான் பட்டை அவிழ்க்க, மருமகள் எட்டிப் பார்த்தாள். "இதென்ன மாமி, உங்கட மகன்ர கொம்பனியின்ர குழாய் விலைப் புத்தகமெல்லோ! ரஞ்சியின்ர புத்தகங்களை, அண்டைக்கு டியூட்டிக்குப் போக முன்னம் மேசை துடைக்கேக்க நானெல்லோ அலுமாரிக்கு மேல வைச்சனான்!" நான் பூப்போட்டுக் கும்பிட்டது கக்கூசுக் குழாய்க்குத் தம்பி. ஆகையால் மேலே என் பூசையைப் பற்றி எழுதியதை வெட்டிவிடு. மாஸ்டரிடம் இப்படிச் சொல்லு: எங்கட பிள்ளைக்கு ஒருத்தரும் உதவி செய்யேல்லை, சரசுவதியும் செய்யேல்லை, தானாத்தான் பாஸ் பண்ணினவள். உரத்துச் சொல்லு, அவருக்குக் காது மந்தம்.